மவுஸ் ஜிக்லர்: நோட்டீஸ் பீரியடில் இருப்பவர்கள் வாங்கலாமா?

பேப்பர் போட்டு, அதாவது ராஜினாமா கொடுத்து, மூன்று வாரம் ஆகியிருக்கும். கடைசி நாள் வரையிலான நோட்டீஸ் பீரியட் ஓடிக்கொண்டிருக்கும். முதல் வாரம் மேனேஜர் பேசுவார், இரண்டாம் வாரம் எச்.ஆர். பேசுவார், சம்பளத்தைக் கூட்டித் தருகிறோம் என்பார்கள், அப்புறம் சரி என்று விட்டுவிடுவார்கள். அதோடு வேலை வருவதும் நின்றுபோகும். காலையில் லேப்டாப்பைத் திறந்தால் செய்ய ஒன்றும் இருக்காது. மூடவும் மனசு வராது. மைக்ரோசாஃப்டின் ஆபீஸ் அரட்டைச் செயலியான டீம்ஸில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கிற பச்சைப் புள்ளி மஞ்சளாகிவிடுமே. இந்த இடத்தில்தான் பலரும் ஆன்லைனில் மவுஸ் ஜிக்லர் தேட ஆரம்பிக்கிறார்கள். மவுஸைத் தானாக அசைத்துக்கொண்டே இருக்கிற சின்னக் கருவி. சில நூறு ரூபாயில் தொடங்கி இரண்டாயிரத்தைத் தாண்டியும் விற்கிறது.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கருவி என்று பார்த்தால் சொன்ன வேலையை ஒழுங்காகச் செய்யும், ஐந்துக்கு நாலு கொடுக்கலாம். நோட்டீஸ் பீரியடில் இருக்கிறவர் எந்த மனக்குறையைத் தீர்த்துக்கொள்ள இதை வாங்குகிறாரோ, அதை இது கூட்டத்தான் செய்யும். அந்தக் கணக்கில் ஒரு மதிப்பெண்ணும் தர முடியாது.

முதலில் கருவி எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். டீம்ஸ், சுமார் 5 நிமிடம் கீபோர்டிலோ மவுஸிலோ அசைவு இல்லையென்றால் உங்களை ‘அவே’ (இடத்தில் இல்லை) என்று மஞ்சளில் காட்டும். ஸ்கிரீன் லாக் ஆனால் உடனே காட்டும். ஸ்லாக் என்ற இன்னொரு அரட்டைச் செயலியில் இது 10 நிமிடம். இந்த இடைவெளிக்குள் ஒரு தடவை மவுஸ் நகர்ந்துவிட்டால் போதும், பச்சை அப்படியே நிற்கும். அதற்குத்தான் மூன்று வகை ஜிக்லர்கள் இருக்கின்றன.

முதல் வகை, லேப்டாப்பின் யுஎஸ்பி போர்ட்டில் செருகுவது. பென்டிரைவ் மாதிரி இருக்கும். கம்ப்யூட்டர் இதை இன்னொரு மவுஸ் என்றே எடுத்துக்கொள்ளும். டிரைவர் எதுவும் போட வேண்டாம். சில நொடிக்கு ஒருமுறை கர்சரை ஒன்றிரண்டு பிக்சல் நகர்த்தி, திரும்பப் பழைய இடத்துக்கே கொண்டுவரும். நல்ல மாடலில் அசைவு கண்ணுக்கே தெரியாது. மட்டமான மாடலில் கர்சர் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு பக்கம் ஒதுங்கி, மதியத்துக்குள் திரையின் மூலைக்குப் போய் முட்டிக்கொள்ளும். எக்ஸெல் ஷீட்டில் ஒரு செல்லைப் பிடித்து இழுக்கும்போது கர்சர் நழுவி, ஃபார்முலா பக்கத்து வரிசைக்குப் போவதும் இதனால்தான். உண்மையாக வேலை செய்ய உட்காரும்போது இதைக் கழற்றிவிட வேண்டும்.

இரண்டாம் வகை, மவுஸையே ஒரு மேடைமேல் வைப்பது. உள்ளே சின்ன மோட்டார், அதன்மேல் கோடுகளோ புள்ளிகளோ அச்சடித்த வட்டத் தகடு. மவுஸின் அடியில் இருக்கிற ஆப்டிகல் சென்சார் கீழே உள்ள பரப்பை விடாமல் படம் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்துத்தான் அசைவைக் கண்டுபிடிக்கிறது. தகடு சுற்றினால் மவுஸ் நகர்வதாக அது நினைத்துக்கொள்ளும். ஒரே நிறத்தில் வழவழவென்று இருக்கிற தகடாக இருந்தால் சென்சாருக்கு ஒப்பிட ஒன்றும் கிடைக்காது, கர்சர் அசையாது. ‘வேலை செய்யவில்லை’ என்று திருப்பி அனுப்பப்படுகிறவற்றில் இந்தக் கோளாறு உண்டு. இன்னொன்று, சென்சார் எல்லா மவுஸிலும் நடுவில் இருக்காது. பெரிய மவுஸைத் தகட்டின்மேல் வைக்கும்போது சென்சார் விளிம்புக்கு வெளியே போய்விட்டால் அதே கதைதான். மவுஸைக் கவிழ்த்து, சிவப்பு விளக்கு எங்கே எரிகிறது என்று பார்த்துவிட்டு வைக்க வேண்டும். விளக்கே தெரியாத மவுஸ்களும் உண்டு, அவை கண்ணுக்குத் தெரியாத ஒளியில் இயங்குபவை. அவற்றில் இடத்தைத் தள்ளித் தள்ளி வைத்துத்தான் பார்க்க வேண்டும். வயர்லெஸ் மவுஸ் என்றால் பேட்டரி சீக்கிரம் தீரும். சும்மா கிடக்கும்போது மவுஸ் தூங்கித்தான் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறது. இங்கே அதற்குத் தூக்கமே கிடையாது.

மூன்றாவது, மென்பொருள். நிமிடத்துக்கு ஒருமுறை யாரும் பயன்படுத்தாத எஃப்15 போன்ற ஒரு கீயை அழுத்தியதாகக் காட்டுகிற புரோகிராம்கள் இருக்கின்றன. ஆபீஸ் லேப்டாப்பில் அனுமதியில்லாமல் ஒரு மென்பொருளை ஓட்டுவதே தனிக் குற்றமாக எழுதப்பட்டிருக்கும், ஆகவே இதைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் இருக்கிற அவேக் என்ற வசதி வேறு. அது திரை அணையாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். டீம்ஸ் தன்பாட்டுக்கு மஞ்சளுக்குப் போகும்.

கண்டுபிடிக்க முடியுமா என்பதுதான் வாங்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி. யுஎஸ்பி வகையை முடியும். எந்தப் பொருளைச் செருகினாலும் விண்டோஸ் அதன் தயாரிப்பாளர் எண்ணையும் பொருள் எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளும். கழற்றிய பிறகும் அந்தப் பதிவு இருக்கும். பென்டிரைவைத் தடுத்து வைத்திருக்கிற நிறுவனங்களும் பெரும்பாலும் மவுஸைத் தடுப்பதில்லை என்பதால் செருகும்போது எச்சரிக்கை எதுவும் வராது. அதைப் பார்த்து யாருக்கும் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. மேடை வகையை ஃபோன் சார்ஜரில் செருகி ஓட்டினால் லேப்டாப்பில் தடயம் இருக்காது, ஆனால் நடத்தை காட்டிக்கொடுக்கும். நாலு மணி நேரம் மவுஸ் நகர்ந்துகொண்டே இருக்கிறது, ஒரு கிளிக் இல்லை, ஒரு எழுத்து இல்லை, திரையில் ஒரே விண்டோ திறந்தே கிடக்கிறது. ஊழியர் கண்காணிப்பு மென்பொருள் வைத்திருக்கிற இடத்தில் இது அறிக்கையில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

2024 மே மாதம் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கி, வேலை செய்வதுபோலத் தோன்றக் கீபோர்டு அசைவைப் போலியாக உண்டாக்கினார்கள் என்று ஒரு டஜனுக்கும் மேற்பட்டவர்களை வேலையைவிட்டு நீக்கியது. ஃபின்ரா என்ற ஒழுங்குமுறை அமைப்பிடம் வங்கி தாக்கல் செய்த விவரங்களில் இருந்து ஜூன் மாதம் செய்தி வெளியே வந்தது. நம் ஊரில் நோட்டீஸில் இருப்பவருக்கு இந்த ஆபத்து இன்னும் கனமானது. புது கம்பெனி கேட்பது ரிலீவிங் லெட்டர். பேக்ரவுண்ட் வெரிஃபிகேஷனில் பழைய எச்.ஆருக்குக் கேள்வி போகும். ராஜினாமா என்று முடிய வேண்டியது, கடைசி மாதத்தில் ஒழுங்கு நடவடிக்கை என்று மாறினால், ஆயிரம் ரூபாய்ச் சாமானுக்காகக் கையில் இருக்கிற புது வேலையையே பணயம் வைத்ததாக ஆகும்.

இதைவிடக் கவலைப்பட வேண்டியது ஸ்கிரீன் லாக். ஜிக்லர் ஓடும்வரை லேப்டாப் தானாகப் பூட்டிக்கொள்ளாது. தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 சான்று வாங்கிய நிறுவனங்களில் ஆள் இல்லாத திரை பூட்டியிருக்க வேண்டும் என்பது ஒரு கட்டுப்பாடு. கார்டு பரிவர்த்தனைத் தகவலைத் தொடுகிற புராஜெக்ட்களுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் விதி, 15 நிமிடத்துக்கு மேல் அசைவு இல்லாவிட்டால் மறுபடி பாஸ்வேர்டு கேட்க வேண்டும் என்கிறது. ஜிக்லரைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால், வாடிக்கையாளரின் தரவு ஹாலில் திறந்து கிடக்கிறது என்று அர்த்தம். வேலை குறைவாக இருப்பது உங்கள் தப்பு இல்லாமல் இருக்கலாம். திறந்து போட்டுவிட்டுப் போன திரைக்கு நீங்கள்தான் பொறுப்பு.

இவ்வளவும் கருவியைப் பற்றியது. இனி, இதை ஏன் வாங்கத் தோன்றுகிறது என்பது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தண்டச்சோறு என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருந்த காலத்தில் யாராவது அதைச் சொல்லிக் கேட்டிருப்பவர்களுக்கு, சம்பளம் என்பது பணம் மட்டும் கிடையாது. சாப்பிடுகிற சோற்றுக்குத் தகுதி இருக்கிறது என்கிற அத்தாட்சி அது. அப்படி வளர்ந்தவர் மாதக் கடைசியில் முழுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்த மாதத்தில் உருப்படியாகச் செய்தது இருபது மணி நேர வேலை என்று உணரும்போது உள்ளே அறுக்கத்தான் செய்யும். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறோமோ என்று தோன்றும். இந்த உறுத்தல் சோம்பேறிக்கு வருவதில்லை. பத்து வருஷம் ராத்திரி பகலாக சப்போர்ட் பார்த்தவருக்கும், தீபாவளி அன்றைக்குப் புரொடக்‌ஷன் கால் எடுத்தவருக்கும்தான் வருகிறது.

உறுத்தலுக்குக் கூடவே இன்னொரு வலியும் வரும், அதைப் பலரும் உறுத்தல் என்றே தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். காலை ஸ்டாண்ட்-அப் கூட்டத்துக்கு அழைப்பு வருவது நிற்கும். புதுத் திட்டத்துக்கான குரூப்பில் பெயர் இருக்காது. நேற்றுவரை உங்களைக் கேட்காமல் முடிவெடுக்காதவர்கள் இன்று உங்களைத் தாண்டிப் போய்ப் பேசுவார்கள். நாம் இல்லாமலும் இது ஓடும் என்பதைக் கண் முன்னால் பார்ப்பது, வேலை செய்யாமல் இருப்பதைவிட அதிகம் வலிக்கும். பச்சைப் புள்ளியைக் காப்பாற்றத் துடிப்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். ‘நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்’ என்று சொல்ல அந்தப் புள்ளி ஒன்றுதான் மிச்சம்.

ஜிக்லர் இங்கே என்ன செய்கிறது என்று பாருங்கள். அதுவரை உங்களிடம் இருந்தது வேலைக் குறைவு. அதில் பொய் எதுவும் இல்லை. மோட்டார் சுற்ற ஆரம்பித்த நிமிடத்தில் இருந்து அது நடிப்பாக மாறுகிறது. இனிமேல் மதியம் அரை மணி நேரம் கண்ணயர்ந்தால் அது ஓய்வாக இருக்காது, ஒளிவதாக இருக்கும். டீம்ஸில் டொக்கென்று ஒரு சத்தம் வந்தால் நெஞ்சு பதறும், ஏனென்றால் பச்சையாக இருக்கிறவர் உடனே பதில் சொல்லியாக வேண்டும். மஞ்சளாக இருந்தவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காசு கொடுத்து வாங்கிய கருவி உங்களை இன்னும் இறுக்கமாக லேப்டாப்போடு கட்டிப்போடுகிறது. வேலை இல்லாத நாள் முடிவில் வேலை பார்த்த நாளைவிட அதிகமாகக் களைத்துப்போகிறோமே என்று கேட்கிறவர்களுக்குக் காரணம் இந்தக் காவல்தான்.

மேலே இருக்கிறவர்களுக்கும் இந்தப் புள்ளியை வைத்து நிம்மதி கிடைப்பதில்லை. 2022 செப்டம்பரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஆய்வில், ஊழியர்களில் 87 சதவீதம் பேர் தாங்கள் நன்றாக வேலை செய்வதாகச் சொன்னார்கள். பாதி வீடு பாதி ஆபீஸ் என்று மாறியதால் ஊழியர்கள் நன்றாக வேலை செய்கிறார்கள் என்று நம்புவது கஷ்டமாகிவிட்டது என்று தலைமையில் இருப்பவர்களில் 85 சதவீதம் பேர் சொன்னார்கள். பச்சைப் புள்ளியை விற்கிற கம்பெனியே சொல்கிற எண்கள் இவை.

அப்படியானால் உறுத்தலுக்கு என்ன செய்வது? அதை அலசிப் பார்க்க வேண்டும், ஏனென்றால் எல்லா உறுத்தலும் பொய்யில்லை. உங்கள் நேரம் வாடிக்கையாளருக்கு மணிக்கணக்கில் பில் ஆகிறதா என்று பாருங்கள். டைம் அண்ட் மெட்டீரியல் ஒப்பந்தத்தில் இரண்டு மணி நேர வேலையை எட்டு மணி நேரம் என்று டைம்ஷீட்டில் எழுதினால், இன்னொருவர் காசை வாங்குவதற்கு நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அங்கே மனசு உறுத்துவது சரிதான், அதற்குக் காதுகொடுக்க வேண்டும். மேனேஜரிடம் எழுத்தில் சொல்லி, மிச்ச நேரத்தைக் கேடி (நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர், வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுப்பது) கணக்கிலோ பில் ஆகாத கணக்கிலோ எழுத அனுமதி வாங்குங்கள். வாய்மொழியாக ‘எட்டே போட்டுக்கோங்க’ என்றால், அதையும் மெயிலில் கேளுங்கள். பெரும்பாலும் அப்போதே கணக்கு மாறிவிடும்.

மொத்தமாக ஒரு விலை பேசிய ஃபிக்சட் பிரைஸ் புராஜெக்ட், அல்லது ஏற்கெனவே உங்களை பில்லிங்கில் இருந்து எடுத்துவிட்டார்கள் என்றால் நிலைமை வேறு. கம்பெனி தன் பாதுகாப்புக்காக ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்ட 90 நாள் நோட்டீஸுக்குச் சம்பளம் தருகிறது. கூப்பிட்டால் வருவதற்கு ஆள் இருக்கிறது என்பதற்கான காசு அது. தீயணைப்பு நிலையத்தில் மணி அடிக்காத ராத்திரிக்கும் சம்பளம் உண்டு, யாரும் அதைத் தண்டச் சம்பளம் என்று சொல்வதில்லை.

90 நாளில் வேலை நாட்கள் ஏறக்குறைய 64. ஒரு நாளைக்கு 8 மணி என்றால் 512 மணி நேரம். ஒரு நடுத்தர அளவு அப்ளிகேஷனைப் பார்த்துக்கொள்கிறவர் ஒப்படைக்க வேண்டியது எவ்வளவு? 20 பக்கக் குறிப்பு, பக்கத்துக்கு ஒன்றரை மணி நேரம், 30 மணி. கேடி அமர்வுகள் பத்து, தலா ஒன்றரை மணி, 15. கற்றுக்கொண்டவர் நமக்குத் திருப்பிச் சொல்லிக் காட்டுகிற ரிவர்ஸ் கேடி ஐந்து, ஏழரை மணி. எல்லாம் சேர்ந்து ஐம்பத்திரண்டரை. மொத்த நேரத்தில் பத்தில் ஒரு பங்கு. தினமும் வருகிற டிக்கெட்டுகளையும், அதாவது கோளாறுப் புகார்களையும், சேர்த்தாலும் நடுவில் பெரிய வெற்றிடம் இருக்கத்தான் செய்யும். அந்த வெற்றிடம் ஒப்பந்தத்தின் அமைப்பில் இருந்து வருகிறது, உங்கள் குணத்தில் இருந்து வரவில்லை.

இன்னொரு உண்மை இருக்கிறது, இதைத்தான் எல்லாரும் கவனிக்காமல் விடுகிறார்கள். உங்கள் இடத்துக்கு வெளியே இருந்து எடுக்கிறவருக்கும் அவருடைய பழைய கம்பெனியில் பெரும்பாலும் 60 அல்லது 90 நாள் நோட்டீஸ் இருக்கும். ஆளைத் தேடி, இண்டர்வியூ முடித்து, ஆஃபர் கொடுத்து, அவர் வந்து சேரும்போது நீங்கள் போய்ச் சில வாரங்கள் ஆகியிருக்கும். நீங்கள் கேடி கொடுப்பது பக்கத்து சீட்டில் இருப்பவருக்கு. அவருக்கு அவருடைய வேலையே தலைக்குமேல். உண்மையில் உங்கள் இடத்தில் உட்காரப்போகிறவரை நீங்கள் பார்க்கவே போவதில்லை. அவரிடம் போய்ச் சேரக்கூடியது நீங்கள் எழுதி வைக்கிற குறிப்பு மட்டும்தான். மனசு கேட்கிற கடன் எதுவோ, அது இவருக்குத்தான். பச்சைப் புள்ளிக்கு ஒரு கடனும் கிடையாது.

அந்தக் குறிப்பில் என்ன எழுத வேண்டும் என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். ஆர்கிடெக்சர் படம், சர்வர் பெயர்கள், ஃபோல்டர் அமைப்பு என்று ஆரம்பித்து, ஏற்கெனவே எங்கேயோ இருப்பதையே திரும்ப எழுதுகிறார்கள். நீங்கள் போனதும் எது உடையும் என்பதில் இருந்து தொடங்குங்கள். உங்கள் சொந்த யூசர் ஐடியில் ஓடுகிற வேலைகள் முதலில். நேரம் குறித்துத் தானாக ஓடுகிற ஷெட்யூல்டு டாஸ்க், ஜென்கின்ஸ் என்ற தானியக்கக் கருவியில் உங்கள் டோக்கன் (நுழைவுச் சாவி), மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில் நீங்கள் கட்டிய ஃப்ளோ (தானாக நடக்கிற வேலைத்தொடர்), உங்கள் பெயரில் கணக்கு வைத்திருக்கிற ரிப்போர்ட். கடைசி நாள் மாலை உங்கள் ஐடியை முடக்குவார்கள். அடுத்த நாள் காலை ஆறு மணிக்குப் போக வேண்டிய ரிப்போர்ட் போகாது, ஏன் என்று அங்கே யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் தனி ஆள் பெயரில் இல்லாத சர்வீஸ் அக்கவுண்டுக்கு மாற்றுங்கள், ஃப்ளோவுக்கு இன்னொருவரை இணை உரிமையாளராகச் சேருங்கள். மாற்றிய பிறகு உங்கள் ஐடியின் அனுமதியை எடுக்கச் சொல்லி ஒரு வாரம் ஓட விட்டுப் பாருங்கள். இந்தச் சோதனையைக் கடைசி வாரத்துக்கு வைக்கக் கூடாது; குறைந்தது நாலு வாரம் முன்னால் செய்தால்தான் உடைவதைச் சரிசெய்ய நேரம் இருக்கும்.

அடுத்து ஒன்டிரைவ், உங்கள் பெயரில் இருக்கிற ஆன்லைன் ஃபைல் சேமிப்பு. டீமில் எல்லாரும் பயன்படுத்துகிற எக்ஸெல் உங்கள் ஒன்டிரைவில் இருக்கும், பகிர்ந்த லிங்க் வழியாகத் திறந்துகொண்டிருப்பார்கள், அது பொது இடத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருப்பார்கள். கணக்கு நீக்கப்பட்ட பிறகு, நிறுவனம் அமைப்பை மாற்றாமல் இருந்தால், 30 நாளில் அது அழிப்புக்குப் போகும். டீமுக்குப் பொதுவான ஷேர்பாயிண்டுக்கு நகர்த்தி, புது லிங்க்கை அனுப்புங்கள்.

அதற்குப் பிறகு தேதிகள். எந்த சர்டிஃபிகேட் எப்போது காலாவதி ஆகிறது, எந்த லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டும், புதுப்பிக்க யாரிடம் கேட்க வேண்டும், அவர் பதில் சொல்ல எத்தனை நாள் எடுப்பார். காலாண்டு முடிவிலும் மார்ச் கணக்கு முடிவிலும் மட்டும் வருகிற வேலைகளை மறக்காதீர்கள். நோட்டீஸ் மாதங்களில் அவை வராமல் போனால் கேடியில் யாரும் கேட்க மாட்டார்கள். ஒவ்வொரு கோளாறுக்கும் மூன்று வரி போதும். என்ன எரர் வரும், முதலில் எதைப் பார்க்க வேண்டும், அது இல்லாவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும். ‘இந்த ஜாப் ரெண்டாவது தடவை ஓட்டினால் டூப்ளிகேட் விழும், முதலில் டேபிளைச் சுத்தம் செய்துவிட்டு ஓட்டவும்’ என்பது மாதிரி ஒரு வரி, பத்துப் பக்கப் படத்தைவிட அந்த முகம் தெரியாத ஆளுக்கு உதவும்.

இதை ஒரே மூச்சில் எழுத உட்காராதீர்கள். காலையில் ஒன்றரை மணி நேரம், தினம் ஒரு பக்கம், நாலு வாரத்தில் முடிந்துவிடும். எழுதி முடித்த பக்கத்தை அந்த வேலையைத் தெரியாத ஒருவரிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து அவர் செய்வதைப் பாருங்கள். எங்கே கை நிற்கிறதோ அங்கே குறிப்பு போதவில்லை.

மிச்ச நேரத்துக்கு ஒரு மெயில். மூன்றாம் வாரத்தில் ஒருமுறை, ஆறாம் வாரத்தில் ஒருமுறை. ஆங்கிலத்தில்தான் போகும், சாரம் இவ்வளவுதான்: ‘கையில் இருக்கிற வேலை இவை. கேடி இத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது. தினமும் சுமார் நாலு மணி நேரம் எனக்குக் காலியாக இருக்கிறது. ஏதாவது கொடுத்தால் செய்கிறேன். இல்லையென்றால் முன்கூட்டியே ரிலீவ் செய்ய முடியுமா என்று பார்க்கவும்.’ வேலை வந்தால் செய்யுங்கள். வராவிட்டால், அந்த வெற்றிடத்துக்கு இனிமேல் இரண்டு பேர் சாட்சி. ஒளிக்க ஒன்றுமில்லாதபோது புள்ளி மஞ்சளாக இருந்தால் என்ன? டீம்ஸ் ஸ்டேட்டஸில் ‘ஃபோனில் கூப்பிடலாம்’ என்று எழுதிவிட்டு எழுந்து போகலாம். கூப்பிட்டால் எடுக்க வேண்டும், அவ்வளவுதான் ஒப்பந்தம். முன்கூட்டியே விடச் சொல்லிக் கேட்கும் முன் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை எடுத்துப் பாருங்கள். மிச்ச நோட்டீஸ் நாட்களுக்குப் பதிலாகக் கட்டுகிற பைஅவுட் தொகை பேசிக் சம்பளத்தில் கணக்கா, மொத்தச் சம்பளத்தில் கணக்கா என்பதைப் பொறுத்து ஒரு மாதத்துக்கான தொகையே இரண்டு மடங்குக்கு மேல் மாறலாம்.

வீட்டில் இருந்து வேலை பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சேர்த்துச் சொல்ல வேண்டும். ‘ஏம்ப்பா, இன்னிக்கு வேலை இல்லையா?’ என்று அம்மா கேட்பாரே என்பதற்காகவே லேப்டாப் முன்னால் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் இருக்கிறார்கள். மேனேஜருக்கு அனுப்பிய அதே விஷயத்தை வீட்டிலும் சொல்லிவிடுங்கள்: ‘வேலையை ஒப்படைச்சுட்டேம்மா, கூப்பிட்டா மட்டும் போகணும், பதினெட்டாம் தேதி வரை இப்படித்தான்.’ தேதியோடு சொன்னால் மறுநாள் அந்தக் கேள்வி வராது.

இதையெல்லாம் செய்த பிறகும் தூக்கம் வரவில்லை, எதற்கும் லாயக்கில்லை என்ற நினைப்பு காலையில் கண் விழிக்கும்போதே வருகிறது, புது வேலையை நினைத்தாலும் பயம்தான் வருகிறது என்றால், அது நோட்டீஸ் பீரியடைத் தாண்டிய விஷயம். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம். பல நிறுவனங்களில் ஊழியர்களுக்கு என்று ஆலோசனைச் சேவை இருக்கும், பொதுவாகக் கடைசி வேலை நாள் வரை உங்களுக்கும் அதில் உரிமை உண்டு. ராஜினாமா கொடுத்தவர்கள் அதைத் தொடக் கூடாது என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை.

சரி, ஜிக்லரை யார் வாங்கலாம்? சொந்தக் கம்ப்யூட்டரில் ராத்திரி முழுக்க ஃபைல் நகல் எடுக்கிறவர், கடையில் விலைப்பட்டியலைத் திரையில் ஓட விடுகிறவர், மேடையில் நீண்ட நேரம் ஒரே ஸ்லைடை வைத்துப் பேசுகிறவர். கைப்பற்றிய கம்ப்யூட்டர் பூட்டிக்கொள்ளாமல் இருக்கக் கணினித் தடயவியல் துறையிலும் இதைப் பயன்படுத்துகிறார்கள். இவர்களுக்கு யுஎஸ்பி வகை போதும். ஆன்-ஆஃப் பட்டன் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள், ஒவ்வொரு தடவையும் பிடுங்கிச் செருகினால் போர்ட் தளர்ந்துவிடும். மேடை வகை தேவைப்பட்டால் தகட்டில் கோடு அச்சடித்திருக்கிறதா, மோட்டார் சத்தம் எப்படி என்று வாங்கியவர்கள் போட்ட வீடியோவில் பார்த்துக்கொள்ளுங்கள். மேஜைமேல் வைத்தால் லேசாக ரீங்காரம் கேட்கும், அடியில் ஒரு துணியை மடித்துப் போட்டால் குறையும்.

ஏற்கெனவே வாங்கி ஆபீஸ் லேப்டாப்பில் செருகியிருக்கிறீர்கள் என்றால் இன்றைக்கே கழற்றிவிடுங்கள், ரிட்டர்ன் தேதி தாண்டவில்லை என்றால் திருப்பி அனுப்புங்கள். லேப்டாப்பைக் கூரியரில் ஒப்படைக்கும்போது பெட்டியில் போக வேண்டியவை லேப்டாப், அதனோடு கொடுத்த சார்ஜர், ஹெட்செட், ஐடி கார்டு. யுஎஸ்பி போர்ட் எல்லாவற்றையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர் பெரும்பாலும் அதிலேயே ஒட்டிக்கொண்டு போய்விடும். அடியில் ஒட்டியிருக்கிற சீரியல் எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்துவிட்டுப் பெட்டியை ஒட்டுங்கள்.